மடியில் கிடத்தும் ஹவாய் கிட்டார்: பழசு வாங்குகிறவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: சார், ஒரு வைசன்பார்ன் விலைக்கு வந்திருக்கிறது. உள்ளே முத்திரை இருக்கிறது, நம்பி வாங்கலாமா?

பதில்: முத்திரையை விடுங்கள், முதலில் கழுத்தைத் தட்டிப் பாருங்கள். ஹெர்மன் வைசன்பார்ன் 1920களில் லாஸ் ஏஞ்சல்ஸில் செய்த மடி கிட்டார்களின் பெருமையே உள்ளே கூடான அந்தக் கழுத்துதான். உடம்பும் கழுத்தும் ஒரே பெட்டி. மரம் பெரும்பாலும் கோவா, ஹவாய்த் தீவுகளைத் தவிர வேறெங்கும் தானாக வளராதது. அப்புறம், முகப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வீணையில் குதிரை என்போமே, அந்த பிரிட்ஜுக்குப் பின்னால் லேசாக மேடு தட்டியிருந்தால் பயம் வேண்டாம், நூறு வயதில் யாருக்கும் தொப்பை விழும். ஆனால் பிரிட்ஜுக்கும் முகப்புக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிறது என்றால் பழுதுபார்க்கும் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள். பல் டாக்டர் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டு, முகப்பைத் தாங்கும் பட்டிகள் ஒட்டு விட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். என் முதல் கிட்டாரில் நான் இதையெல்லாம் பார்க்கவில்லை. சுருதி ஏற்றிய மூன்றாம் நாள் நடுராத்திரியில் 'டப்' என்று ஒரு சத்தம், எழுந்து போனால் பிரிட்ஜ் கம்பிகளோடு தொங்குகிறது.

கம்பியை உயர் ஜி சுருதிக்கு முறுக்காதீர்கள். அந்த இழுவையைத் தாங்கச் செய்யப்பட்டது, உள்ளே உலோகக் கூம்பு வைத்த சதுரக் கழுத்து டோப்ரோ கிட்டார். இதற்கு அதைவிடத் தளர்வான டி சுருதி போதும்.

கேள்வி: டோப்ரோவும் இதுவும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. அதில் அலுமினியக் கூம்பு பாடுகிறது, இதில் மரம் பாடுகிறது.

கேள்வி: மடியில் வைத்து வாசிக்கும் மின்சாரக் கிட்டார், அதான் லேப் ஸ்டீல், வாங்க ஆசை. ரிக்கன்பேக்கர் 'வாணலி' கிடைக்குமா அண்ணா?

பதில்: 1932இல் விற்பனைக்கு வந்த வார்ப்பு அலுமினியக் கருவி, பார்க்க வாணலி மாதிரியே இருக்கும். மேடை விளக்குச் சூட்டில் உலோகம் விரிந்து சுருதி நகரும். அழகுதான், விலை கைக்கு எட்டாது தம்பி. சுப்ரோ என்ற கம்பெனியின் பழைய லேப் ஸ்டீல் ஒன்று பாருங்கள். சில சுப்ரோக்களில் கம்பிகள், அவற்றின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்குள்ளேயே நுழைந்து போகும், அது செத்திருந்தால் மாற்று தேடி அலைய வேண்டும். அதனால் ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வைசன்பார்னில் ஜி சுருதி வைக்கலாமா?

பதில்: மேலே படிக்கவும்.

கேள்வி: நம்ம கோட்டுவாத்தியத்தைப் பார்த்துத்தான் ஹவாய்க்காரர்கள் கற்றுக்கொண்டார்களாமே?

பதில்: எங்கே இன்னும் வரவில்லையே என்று பார்த்தேன். கம்பி மேல் கட்டையை வழுக்கி வாசிப்பது நமக்குப் புதிதல்ல, கோட்டுவாத்திய வித்வான் திருவிடைமருதூர் சகாராம ராவ் பெயரைக் கேட்டாலே தஞ்சாவூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். ஆனால் கிட்டாரை மடியில் கிடத்தி, கம்பியைத் தூக்கி வைத்து, இரும்புத் துண்டால் வழுக்கும் வாசிப்பைப் பரப்பியதாகச் சொல்லப்படுவது ஓவாஹு தீவின் லாயியே ஊர்ப் பையன் ஜோசப் கெகுகு, 1880களின் கடைசியில். தண்டவாள ஓரத்தில் கிடந்த போல்ட்டை எடுத்து இழுத்துப் பார்த்தானாம். இது கதையாகவே இருந்தாலும் எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: கேப்ரியல் டேவியன் இந்தியாவில் பிறந்தவராமே? அவரை மறைக்கிறீர்கள்!

பதில்: மறைக்கவில்லை ஐயா. ஹொனொலுலுவில் அப்படி ஒருவர் கெகுகுவுக்கு முன்பே கம்பியை வழுக்கி வாசித்தார் என்ற பேச்சு பழையது. அவர் இந்தியாவில் பிறந்தார் என்பதால் கோட்டுவாத்தியம் கேட்டு வளர்ந்தார் என்று ஆகிவிடுமா? ஒரே ஒரு கச்சேரிக்கு அவர் போனதற்குச் சான்று காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன். இந்த வாசிப்பு இங்கிருந்து ஹவாய்க்குப் போனதைவிட அங்கிருந்து இங்கே வந்ததுதான் உறுதி. 1940களில் ஹவாய் இசைக்கலைஞர்களான தாவ் மோ குடும்பத்தார் கல்கத்தாவில் தங்கி வாசித்தார்கள், பின்னால் இந்துஸ்தானி கலைஞர் பிரிஜ் பூஷன் காப்ரா அதே வகைக் கிட்டாரில் ராகம் வாசித்தார். அதைப் பற்றி ஏன் யாரும் கேட்பதில்லை?

கேள்வி: சார், ஒரு வாரம் மட்டும் ஜி சுருதி வைத்தால் என்ன ஆகும்?

பதில்: டப்.