போலந்தின் கியெல்ட்ஸே ஹேண்ட்பால் கிளப் ஐரோப்பிய சாம்பியன் ஆனது எப்படி?

பலரும் ஐரோப்பாவின் முதன்மையான கிளப் தொடரான சாம்பியன்ஸ் லீக்கின் 2016 இறுதிப் போட்டியைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் 2002இலிருந்து தொடங்க வேண்டும்.

கியெல்ட்ஸே சுமார் 2 லட்சம் பேர் வாழும் ஊர். 1965இல் இஸ்க்ரா என்ற பெயரில் கிளப் உருவானது. 1993இல் முதல் தேசியப் பட்டம். பிறகு ஸ்பான்சர் மாறும்போதெல்லாம் பெயரும் மாறியது. 2002இல் பெர்டுஸ் செர்வாஸ் கிளப்பின் தலைவராகப் பொறுப்பேற்றார். நெதர்லாந்துக்காரர், பழைய துணிகளைத் தரம் பிரித்து விற்கும் 'விவே' நிறுவனத்தை நடத்தியவர். அந்தப் பெயரைத்தான் கிளப் பல வருடம் சுமந்தது.

பணம் மட்டும் இருந்தால் போதாது. 2008இல் பயிற்சியாளராக வந்த பொக்தான் வென்டா, போலந்து தேசிய அணியையும் அப்போது நடத்தியவர். 2007 உலகக் கோப்பையில் வெள்ளி வாங்கிய அந்தத் தலைமுறை ஒவ்வொருவராக ஜெர்மன் லீக்கிலிருந்து திரும்பியது: மிகாவ் யுரெட்ஸ்கி, கோல்கீப்பர் ஸ்லாவோமிர் ஷ்மால், அப்புறம் கரோல் பியெலெட்ஸ்கி. பியெலெட்ஸ்கியை நினைத்தால் இப்போதும் மெய்சிலிர்க்கும். 2010இல் ஆட்டத்தில் பட்ட அடியில் ஒரு கண் பார்வையை இழந்தவர், பாதுகாப்புக் கண்ணாடியோடு சில வாரங்களிலேயே களத்துக்குத் திரும்பினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அதிக கோல் போட்டவரும் அவர்தான்.

2014இல் தாலான்ட் துய்ஷெபாயெவ் பயிற்சியாளரானார். அப்புறம் அந்த நாள், 2016 மே 29, கொலோன். எதிரணி ஹங்கேரியின் வெஸ்ப்ரேம். ஆட்டம் முடிய ஏறக்குறைய கால் மணி நேரமே இருக்க, ஸ்கோர் 19-28. ஹேண்ட்பாலில் ஒன்பது கோல் பின்தங்கினால் ரசிகர்களே எழுந்து கிளம்பும் நேரம் அது. கியெல்ட்ஸே அதற்குப் பிறகு 10 கோல் போட்டு, ஒன்றே ஒன்று வாங்கியது. 29-29. கூடுதல் நேரத்தில் 35-35. கடைசியில், கால்பந்தின் பெனால்டி போன்ற ஏழு மீட்டர் வீச்சுகளில் 39-38. சாம்பியன்ஸ் லீக்கை வென்ற முதல் போலந்து கிளப் அதுதான்.

அதன் பிறகு 2022 இறுதிப் போட்டியில் பார்சிலோனாவிடம் ஏழு மீட்டர் வீச்சுகளில் தோல்வி, 2023 இறுதிப் போட்டியில் மாக்டெபுர்க்கிடம் கூடுதல் நேரத்தில் ஒரே கோலில் தோல்வி. உள்நாட்டிலும் 2012 முதல் 2023 வரை விடாமல் வைத்திருந்த பட்டத்தை, பரம எதிரியான விஸ்வா ப்வோட்ஸ்க் 2024இல் பறித்தது. அந்த இரண்டு இறுதிப் போட்டிகளையும் தோல்விக் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை என்பேன். இரண்டு முறையும் வழக்கமான ஆட்ட நேரமான அறுபது நிமிடத்தில் அவர்களை யாராலும் வீழ்த்த முடியவில்லை.