வான் கடெற் பயிற்சி: நம் ஊரவர் கேட்டவை

ரொறன்ரோவில் ஒரு வான் கடெற் அணியில் (கனடாவில் பிள்ளைகளுக்கு விமானம் பற்றிய பயிற்சி தரும் இளைஞர் அமைப்பு) ஒன்பது வருடம் தொண்டராகப் படிப்பித்துவிட்டு, இப்போது கொக்குவிலுக்குத் திரும்பியிருக்கிறேன். அங்கே பேரப்பிள்ளைகள் உள்ளவர்களும், இங்கே விமானக் கனவோடு இருக்கும் பிள்ளைகளும் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

நல்லூரில் ஒரு அம்மம்மா: பேரன் கடெற்றில் சேர்ந்திருக்கிறான். அந்த உடுப்போடு படத்தைக் கண்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. ஆமிக்கு எடுத்துவிடுவார்களோ தம்பி?

இல்லை அம்மா. சீருடையைக் கண்டால் இந்த ஊரில் வயிறு கலங்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் கனடாப் படைகளின் ஆதரவில் நடந்தாலும் கடெற் பிள்ளைகள் படையினர் அல்ல. 12 வயதில் சேரலாம், 19 ஆனதும் விலகியே ஆகவேண்டும். அதற்குப் பிறகு படையில் சேரும் கட்டாயம் எதுவும் கிடையாது. நிம்மதியாகப் படுங்கள்.

சுன்னாகத்தில் ஒரு தகப்பன்: தங்கையின் மகளைச் சேர்க்கச் செலவு எவ்வளவு?

சேர்வதற்குக் கட்டணம் இல்லை, சீருடையும் இலவசம். 1975 முதல் பெண்பிள்ளைகளும் சேர்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை அணிநடை, வானிலை, வரைபடம் பார்த்து வழி கண்டுபிடித்தல் என்று போகும். காட்டில் தங்கும் பயிற்சியும் உண்டு. 16 வயதானால் கிளைடர் என்ற எஞ்சின் இல்லாத விமானம் ஓட்டும் புலமைப்பரிசிலுக்குப் போட்டியிடலாம், இயந்திர விமானத்துக்கு 17.

வல்வெட்டித்துறை மாணவன், 15 வயது: எஞ்சின் இல்லாத கிளைடர் எப்படி விழாமல் பறக்கிறது?

தம்பி, பொங்கலுக்குப் பட்டம் ஏற்றுகிற ஊரில் இருந்து கேட்கிறாய், பாதிப் பதில் உன் கையிலேயே இருக்கிறது. பட்டத்தை நூல் பிடித்து நிறுத்துவதால்தான் வாடைக்காற்று அதில் மோதித் தூக்குகிறது. கிளைடரை ஒரு சின்ன விமானம் கயிற்றில் இழுத்து மேலே கொண்டுபோய் விடும். கயிறு கழன்றபின் அதன் பாரமே அதை முன்னுக்குச் சரியவைக்கும். அந்த ஓட்டத்தில் இறக்கைமேல் காற்றுப் பாய்ந்து தூக்குவிசை கிடைக்கிறது. அதாவது அது எப்போதும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டேதான் பறக்கிறது. மேலெழும் சூடான காற்று அகப்பட்டால் மட்டும் ஏறும்.

முச்சை, அதாவது பட்டத்தில் நூலைப் பிணைக்கும் கட்டு, பிழைத்தால் பட்டம் குத்துமல்லவா? இங்கும் கோணம்தான் எல்லாம். மூக்கை அளவுக்கு மேல் தூக்கினால் காற்று இறக்கையின் மேற்புறத்தை விட்டு விலகும், கிளைடர் சட்டென்று இறங்கும். அப்போது பயத்தில் மூக்கை இன்னும் தூக்கப் பார்ப்பார்கள். செய்யவேண்டியது நேர்மாறு: விமானத்தை ஓட்டும் தடியை முன்னே தள்ளி வேகத்தை மீட்கவேண்டும். இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, கை பழகுவது வேறு.

பருத்தித்துறை மாணவி: நான் இங்கிருந்து சேரமுடியாதா?

அந்த அணிகள் அங்கே வசிப்பவர்களுக்குத்தான் பிள்ளை. ஆனால் காத்திருக்காதே. உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடு, பௌதிகவியலை விரும்பிப் படி. அப்புறம் ஒரு கொப்பி வாங்கு. பலாலி ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காகக் கிடக்கிறது, விமானம் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும். சோழகக் காற்று அடிக்கும்போது எந்தப் பக்கம் ஏறுகிறது, வாடையில் எந்தப் பக்கம் என்று திகதி போட்டுக் குறித்து வை. இரண்டு பருவமும் முடிந்ததும் எனக்கு எழுது, சேர்ந்து பார்ப்போம்.