பிளசன்டா: ரோமில் அது ஒரு கேக்

கேள்வி: நஞ்சுக்கொடிக்கு ஆங்கிலத்தில் பிளசன்டா. லத்தீனில் அதற்குக் கேக் என்று அர்த்தமாமே, யாராவது கிளப்பிவிட்ட கதையா?

பதில்: கதை இல்லை, நிஜம்தான். ரோமானியர்கள் அந்தப் பெயரில் ஒரு பலகாரம் செய்தார்கள். கிமு 2ஆம் நூற்றாண்டில் கேட்டோ என்ற ரோமானிய அரசியல்வாதி எழுதிய வேளாண்மை நூலில் செய்முறையே இருக்கிறது: மாவை மெல்லிய தகடுகளாகத் தேய்த்து, இடையிடையே செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியும் தேனும் பூசி அடுக்கிச் சுட வேண்டும். சொல் கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்தது, அங்கே அதன் அடிப்பொருள் 'தட்டையானது'.

கேள்வி: சரி, அது எப்படிக் கருப்பைக்குள் போனது?

பதில்: 1559இல் வெளியான தன் உடற்கூறியல் நூலில் இத்தாலியரான ரியல்டோ கொலம்போ இந்தப் பெயரை எடுத்துப் போட்டார். பார்த்தவர்களுக்குப் பொருத்தம் புரியும். நிறைமாதத்தில் அது வட்டமாக, சுமார் 22 செ.மீ. அகலத்தில், அரைக் கிலோ எடையில் வந்து விழும். குழந்தை இருந்த பக்கம் வழவழப்பாக, தொப்புள்கொடியிலிருந்து ரத்தக்குழாய்கள் வேர் மாதிரி பரவிக் கிடக்கும். திருப்பிப் போட்டால் கருஞ்சிவப்பாக, பதினைந்து இருபது மேடுகள். பிரசவம் பார்ப்பவர்கள் இந்தப் பக்கத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்கள், ஏனென்றால் ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டாலும் ரத்தப்போக்கில் கொண்டுபோய் விடும். ஜெர்மன்காரர்கள் பூசி மெழுகாமல் 'தாய்க் கேக்' என்றே சொல்கிறார்கள்!

கேள்வி: பிளசீபோவும் இதுவும் ஒரே வேரா?

பதில்: லத்தீனில் இரண்டும் தனித்தனிச் சொற்கள், காதில் ஒன்று போலக் கேட்கிறது. பிளசீபோ என்றால் லத்தீனில் 'நான் மகிழ்விப்பேன்'. நோயாளியின் மனத் திருப்திக்குக் கொடுக்கும் மருந்துக்கு அந்தப் பெயர் வந்தது.

கேள்வி: அக்காவின் ஐந்தாம் மாத ஸ்கேனில் 'பிளசன்டா பிரீவியா' என்று எழுதியிருக்கிறார்கள். பிரீவியா என்றால்?

பதில்: லத்தீனில் 'பிரே' என்றால் முன்னால், 'வியா' என்றால் வழி. குழந்தை வெளிவரும் வழியில் நஞ்சுக்கொடி முந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அதாவது கருப்பை வாயை மூடியிருக்கிறது. ஐந்தாம் மாதத்தில் இப்படித் தெரிவது பெரும்பாலும் கருப்பை வளர வளர மேலே ஏறிவிடும், அதனால்தான் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். ஆனால் நடுவில் ரத்தம் பட்டால் அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: பலகாரம் என்ற அர்த்தத்தில் இப்போதும் யாராவது சொல்கிறார்களா?

பதில்: ருமேனியர்கள்! அங்கே பாலாடைக்கட்டியோ ஆப்பிளோ வைத்துச் சுடும் பண்டத்துக்கு இன்றும் 'பிளச்சின்தா' என்றுதான் பெயர். அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள், பிரசவ வார்டு ஞாபகத்தோடு முழிப்பது நாம்தான்.