நகத்தளவு ஸ்பீக்கரில் மந்தர ஸட்ஜம்

கேள்வி: பேரன் என் செல்போனில் தம்புரா ஆப் ஏற்றிக் கொடுத்தான். என் சுருதி 1 கட்டை (ஹார்மோனியத்தில் C). ஸ்பீக்கர் நகத்தளவுதான், ஆனாலும் மந்தர ஸட்ஜம் (கீழ் ஸ்தாயி 'ஸ') நன்றாகவே கேட்கிறது. "இவ்வளவு சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது, உனக்குப் பிரமை" என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி?

- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: ஸ்பீக்கரைப் பற்றித் தம்பி சொன்னது சரி. பிரமை என்றதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1 கட்டையில் மந்தர ஸட்ஜம் விநாடிக்குச் சுமார் 65 அதிர்வு. உங்கள் போன் அவ்வளவு கீழே இறங்காது. ஆனால் தந்தி 65-ஐ மட்டுமா பேசுகிறது? 130, 195, 260, 325 என்று மடங்குகளும், அதாவது மேற்சுரங்களும், கூடவே எழும். மேலே இருப்பவற்றை ஸ்பீக்கர் கொடுத்துவிடும். எல்லாம் 65-ன் மடங்காகவே வருவதை மூளை பிடித்துக்கொள்கிறது. பிள்ளைகளைப் பார்த்தே தாய் இன்னாரென்று சொல்வது மாதிரி. 2005-ல் பெண்டர், வாங் என்ற ஆய்வாளர்கள் மார்மோசெட் குரங்குகளுக்கு மேற்சுரங்களை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். அப்போதும், அங்கே இல்லாத அடிச்சுருதிக்கென்றே துடிக்கிற நரம்பணுக்கள் மூளையில் இருந்தன.

என் அப்பாவுக்குக் கனத்த குரல். டிரங்க் காலில் "சாப்பிட்டியாம்மா?" என்று அவர் கேட்டால் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். பழைய டெலிபோன் சுமார் 300 அதிர்வுக்குக் கீழே எதையும் கடத்தாது. ஆண் குரலின் அடியோ 100-ஐ ஒட்டியது. அந்தக் கனம் கம்பி வழியே வரவே இல்லை என்று பின்னால் படித்தபோது, வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நம் தம்புரா இப்படி மேற்சுரங்களை எழுப்புவதற்கென்றே பிறந்த வாத்தியம். மீட்டும் இடத்தில் கணு (அசையாப் புள்ளி) விழுகிற மேற்சுரம் எழக்கூடாது என்பது விதி. தம்புராவிலும் வீணையிலும் அதுவும் எழுகிறது என்று 1921-ல் சி.வி. ராமன் எழுதினார். தந்தியைத் தாங்கும் குதிரையின் வளைந்த முகத்தில் தந்தி உரசுவதுதான் காரணம். தந்திக்கும் குதிரைக்கும் இடையே வைக்கிற ஜீவாளி நூலை ஒரு மயிரிழை நகர்த்திப் பாருங்கள்; மொட்டையாக இருந்த தந்தி சட்டென்று ரீங்கரிக்கும்.

ஆப்பை வைத்துத் தாராளமாகப் பாடுங்கள். வால்யூமை முழுக்க ஏற்றவேண்டாம், கரகரப்பு சேர்ந்துவிடும். மந்தர சாதகத்துக்கு (கீழ் ஸ்தாயிப் பயிற்சிக்கு) மட்டும் யாரிடமாவது நிஜத் தம்புரா கேட்டு வாங்கித் தோளில் சாய்த்துக்கொள்ளுங்கள். அந்த 65-ன் அதிர்வு குடத்திலிருந்து தண்டி (நீண்ட கழுத்து) வழியாக உங்கள் தோள் எலும்புக்கே வந்து சேரும்.