கடலுக்குள் 106 மீட்டர் பள்ளமா?

கேள்வி: குமரிமுனைக்குத் தெற்கே கடலில் நூறு மீட்டருக்கு மேல் பள்ளம் இருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்க, தங்கல் போகும் அப்பா, "நான் அப்படி ஒரு பள்ளத்தைக் கண்டதே இல்லை" என்கிறார். அம்மாவுக்கோ இன்னொரு சுனாமி வருமோ என்று பயம். பூமிக்குள் நடப்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காரணம் சொன்னார்களாம். உள்ளே போகாமல் அதை எப்படிச் சொல்ல முடியும் ஐயா?
(பிளஸ் டூ மாணவி, குளச்சல்)

பதில்: முதலில் அம்மாவிடம் போய்ச் சொல்லு மக்களே, பயப்பட ஒன்றுமில்லை. 2004 டிசம்பர் 26-ல் நம் கரைக்கு அந்தக் கடல் வந்தது, சுமத்ரா அருகே கடலடித் தரை சட்டென்று எழும்பியதால். இந்தப் பள்ளமோ ஏறக்குறைய 2 கோடி வருடமாக அங்கேயே இருக்கிறது என்பது கணக்கு. அதற்கும் சுனாமிக்கும் தொடர்பே இல்லை.

அப்பா சொல்வதும் சரிதான். இது கடலடித் தரையில் உள்ள குழி அல்ல, கடலின் மேல்மட்டமே அங்கே தாழ்ந்திருக்கிறது. தண்ணீர் எப்போதும் ஈர்ப்புக்கு இணங்கித்தான் படியும். கடல் அசையாமல் கிடந்தால், கொத்தனாரின் ரசமட்டத்தை அங்கே வைத்தாலும் குமிழி நடுவில்தான் நிற்கும். வழவழப்பான பூமி உருண்டை ஒன்றைக் கணக்கில் வரைந்து ஒப்பிட்டால்தான் அந்த 106 மீட்டர் தாழ்வு தெரியும். அதுவும் பல நூறு கிலோமீட்டர் தூரத்தில் மெல்லச் சரிகிறது. டச்சு விஞ்ஞானி வெனிங் மெய்னஸ் 1948-ல் கப்பலில் ஈர்ப்பை அளந்தபோது இது பிடிபட்டது. அங்கே ஈர்ப்பு குறைகிறது என்றால், அடியில் எங்கோ எடை குறைந்த பாறை இருக்க வேண்டும்.

இனி உன் கேள்வி. எங்கள் வீட்டில் அம்மா அக்கானி (பதநீர்) காய்ச்சும்போது அடுப்பருகிலேயே உட்கார்ந்திருப்பேன். சூட்டில் இளகி ஓடும் பாகு, சிரட்டையில் ஊற்றி ஆறினால் கல்லாகிவிடும். பாடப்புத்தகம் கவசம் என்று சொல்லும் மேன்டில், 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை கெட்டிப் பாறைதான். குழம்பு என்று நினைத்துவிடாதே. ஆனால் சூட்டுக்குத் தக்கபடி இளக்கம் மாறுவதில் அதுவும் பாகு மாதிரிதான். வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் அது நகர்கிறது. எவ்வளவு இளக்கம் என்பதற்கு மேலேயே சாட்சி உண்டு. ஸ்காண்டிநேவியாவை அழுத்திக்கொண்டிருந்த பனிப்பாறை உருகிப் பல ஆயிரம் வருடம் ஆன பிறகும், அங்கே தரை வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர்வரை இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தை வைத்து 1935-லேயே ஹாஸ்கெல் என்பவர் மேன்டிலின் பிசுபிசுப்பைக் கணக்கிட்டார்.

கம்ப்யூட்டரில் மேன்டிலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நுழையும் பாறை எவ்வளவு, வெளியேறுவது எவ்வளவு, சூடு எங்கே போகிறது, எடைக்கும் பிசுபிசுப்புக்கும் நடக்கும் இழுபறி என்ன என்று காலத்தை நகர்த்தி நகர்த்திக் கணக்கிடுவார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தேபஞ்சன் பாலும் அத்ரேயி கோஷும் 14 கோடி வருடத்துக்கு முன்னிருந்து தொடங்கினார்கள். இந்தியா வடக்கே நகர, இடையில் இருந்த டெதிஸ் கடலின் தரை ஆசியாவுக்கு அடியில் அமிழ்ந்தது. குளிர்ந்த அந்தப் பாறை மேன்டிலின் அடிவரை இறங்கி, ஆப்பிரிக்காவுக்குக் கீழே கிடந்த சூடான திரளைத் தள்ளிவிட, அதிலிருந்து எழும்பிய சூட்டுப்பாறை நம் கடலுக்கு அடியில் வந்து பரவியது. சூடு கூடினால் எடை குறையும் அல்லவா!

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. பிசுபிசுப்பு போன்றவற்றை மாற்றி மாற்றி 19 முறை ஓட்டினார்கள். 6 முறைதான் இப்போதுள்ள பள்ளம் போல ஒன்று வந்தது. 2023-ல் வெளியிட்டபோது அதை அப்படியே சொன்னார்கள். உள்ளே போகாமல் சொல்வதென்றால் இதுதான் வழி. சூடான பாறையில் நிலநடுக்க அலை மெதுவாகப் போகும். அந்தக் கடலடியில் அதைப் போதுமான அளவு பதிவுசெய்து பார்த்து, அவர்கள் சொன்ன இடத்திலேயே அலை தாமதித்தால், அப்போது நான் இதை முழுசாக நம்புவேன்.