சுண்டெலிக்குத் தட்டம்மை வருமா?

கேள்வி: நான் முதுநிலை நுண்ணுயிரியல் மாணவி. தட்டம்மை வந்துபோன குழந்தைகளுக்கு வேறு தொற்றுகள் அடுக்கடுக்காக வருவது ஏன் என்று ஆராய விரும்புகிறேன். எங்கள் கல்லூரி விலங்குக் கூடத்தில் சுண்டெலிகள் இருக்கின்றன. அவை போதுமா?

பதில்: போதாது. சாதாரணச் சுண்டெலியின் மூக்கில் எவ்வளவு வைரஸை விட்டாலும் தட்டம்மை வராது. நோயெதிர்ப்புச் செல்களுக்குள் நுழைய இந்த வைரஸ் பற்றிக்கொள்வது அவற்றின் மேலுள்ள ‘ஸ்லாம்’ என்ற புரதத்தை. சுண்டெலிக்கும் ஸ்லாம் உண்டு. ஆனால் அமைப்பு வேறு, வைரஸுக்குப் பிடி கிடைப்பதில்லை. மனித ஸ்லாம் மரபணுவைச் சேர்த்த சுண்டெலிகளை உருவாக்கியிருக்கிறார்கள். அவற்றிலும், உடலே சுரக்கும் வைரஸ் எதிர்ப்புப் புரதமான இன்டர்ஃபெரான் வைரஸை அடக்கிவிடுவதால், பல சோதனைகளில் இன்டர்ஃபெரானை உணரும் ஏற்பியையும் நீக்கிவிடுகிறார்கள். நோயெதிர்ப்பு குலைவதை ஆராயப் போகிறவர், முன்பே நோயெதிர்ப்பைக் குலைத்த விலங்கோடு தொடங்குவது எனக்கு உவப்பில்லை.

சிறிய விலங்குதான் வேண்டுமென்றால் பருத்தி எலி. மூக்கு வழியே செலுத்திய வைரஸ் அதன் நுரையீரலில் பெருகும். மண்ணீரலிலிருந்து எடுத்த லிம்போசைட்டுகளை (நோயெதிர்ப்பு வேலை செய்யும் வெள்ளையணுக்கள்) தூண்டினால் வழக்கம்போல் பெருகாமல் மந்தமாக இருக்கும். உங்கள் கேள்விக்கு அதுவே நல்ல பிடிமானம். தடிப்பு மட்டும் வராது. (கூண்டைத் திறந்ததும் துள்ளிக் குதித்து ஓடும், கடிக்கவும் செய்யும். கையாளப் பழகியவர் உடனிருக்கட்டும்.)

மனித நோயை ஏறக்குறைய முழுதாகக் காட்டுவது ரீசஸ் குரங்கு. 1911இலேயே அமெரிக்காவில் கோல்ட்பர்கரும் ஆண்டர்சனும் நோயாளியின் ரத்தத்தைச் செலுத்திக் குரங்குகளுக்குத் தட்டம்மையை வரவழைத்தார்கள். 2007இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை வைரஸில் சேர்த்துக் குரங்குகளுக்குக் கொடுத்தார்கள். வைரஸ் போன இடமெல்லாம் பச்சை: வாயில், தோலில், நிணநீர்த் திசுக்களில். மூச்சுப்பாதையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மேலணிச் செல்கள்தாம் முதல் இலக்கு என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. ஆனால் பெருமளவில் ஒளிர்ந்தவை லிம்போசைட்டுகளும், கிருமியை அவற்றுக்கு அடையாளம் காட்டும் டென்ட்ரைட்டிக் செல்களும். பழைய தொற்றுகளை நினைவில் வைத்திருக்கும் லிம்போசைட்டுகளும் அவற்றில் அடக்கம். அவை அழிந்தால் அந்த நினைவும் அழிகிறது.

ஆனால் குரங்குச் சோதனைக்குக் கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் மட்டும் போதாது, மத்திய அரசின் குழு வரை போக வேண்டும். முதுநிலைத் திட்டத்தின் கால அளவில் அது நடக்கிற காரியமில்லை.

விலங்கே இல்லாத வழியும் உண்டு. 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். பிற கிருமிகளுக்கு எதிரான நோயெதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. உங்கள் வழிகாட்டியிடம் முதலில் கேட்க வேண்டியது, பக்கத்து மருத்துவமனையில் அப்படிச் சேமித்த ரத்த மாதிரிகள் கிடைக்குமா என்பதைத்தான்.