'லைஃப்' என்றால் உயிரா, வாழ்க்கையா, ஆயுளா?

கேள்வி: ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையே சிறு கட்டுரைகளை மொழிபெயர்த்துப் பழகிவருகிறேன். 'லைஃப்' என்ற சொல் அடிக்கடி வந்து சலிப்பூட்டுவதால், அகராதி இணைச்சொற்களாகத் தந்த 'எக்சிஸ்டன்ஸ்', 'பீயிங்', 'லைஃப்டைம்', 'வைட்டாலிட்டி' ஆகியவற்றை மாற்றி மாற்றிப் போட்டேன். 'எங்கள் இனிய இல்வாழ்க்கை' என்பதற்கு 'எக்சிஸ்டன்ஸ்' என்று எழுதியதைப் படித்த நண்பர் சிரித்துவிட்டார். எதை எங்கே பயன்படுத்த வேண்டும்?

பதில்: நண்பர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. 'எக்சிஸ்டன்ஸ்' என்றால் இருப்பு. கடவுள் உண்டா, வேற்றுக் கோள்களில் உயிரினம் உண்டா என்று வாதிடும் இடத்தில் அது கம்பீரமாக நிற்கும். மனிதரின் அன்றாடத்தைப் பேச வந்தால், பெரும்பாலும் வறுமையையோ தனிமையையோ கையோடு அழைத்துவரும். 'ஏதோ காலம் ஓடுகிறது' என்று நாம் அலுத்துக்கொள்கிறோமே, அந்தத் தொனி. இல்லறத்தின் இனிமையைச் சொல்ல அதைப் போட்டால் வேறென்ன ஆகும்?

அகராதி இணைச்சொற்களை ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது; குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 'லைஃப்' என்ற ஒரே கூரைக்குக் கீழ் பல பொருள்கள் குடியிருக்கின்றன. தமிழ் அவற்றுக்குத் தனித்தனி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது: உயிர், வாழ்க்கை, ஆயுள், உயிர்ப்பு. ஆகவே, உங்கள் வாக்கியத்தில் இந்த நான்கில் எது பொருந்துகிறது என்று முதலில் பாருங்கள். ஆங்கில இணைச்சொல்லைத் தேடுவது அதற்குப் பிறகு.

உயிர் பொருந்தும் இடத்தில் இணைச்சொல் தேடி அலைய வேண்டாம். வெள்ளத்தில் பலர் இறந்ததைச் சொல்ல 'லைவ்ஸ்' என்றுதான் எழுத வேண்டும். 'எக்சிஸ்டன்ஸ்', 'லைஃப்டைம்' இரண்டும் அங்கே நுழைய முடியாது. 'பீயிங்' என்பதோ உயிரை உடையவரைக் குறிக்கும்: 'ஹியூமன் பீயிங்' என்றால் மனிதர். 'மரைன் லைஃப்' என்பதைக் 'கடல் வாழ்க்கை' என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படிப்பவருக்கு மீனவரோ மாலுமியோ நினைவுக்கு வருவார். அது கடல்வாழ் உயிரினங்கள். அதேபோல் 'வைல்ட்லைஃப்' காட்டுயிர்கள்.

ஆயுள் என்பது கால அளவு. ஆயுள் காப்பீடு, ஆயுள் தண்டனை இரண்டும் நமக்குப் பழகியவை. 'லைஃப்டைம்' உங்களுக்குக் கைகொடுக்கும் இடமும் இதுதான். பொருள்களுக்கு வரும்போது மட்டும் தமிழில் பெயர்ச்சொல்லை விட்டு வினைச்சொல்லுக்குத் தாவிவிடுங்கள். இயந்திரம் பத்தாண்டு உழைக்கும். பேட்டரி ஒரு நாள் தாங்கும். மருந்து இரண்டாண்டு கெடாமல் இருக்கும். மூன்றுக்கும் 'ஆயுள்' என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் பேச்சில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? அறிவியல் கட்டுரையில் வரும் 'ஹாஃப் லைஃப்', அதாவது அரை ஆயுட்காலம், இதற்கு விலக்கு. கதிரியக்கத்தால் மெல்லச் சிதையும் கார்பன் வகையான கார்பன்-14க்கு அது ஏறத்தாழ 5,730 ஆண்டுகள். அத்தனை ஆண்டில் பாதி அணுக்கள் சிதைந்துவிடும். இன்னொரு 5,730 ஆண்டில் மீதியெல்லாம் தீர்ந்துவிடும் என்று எழுதிவிடாதீர்கள். எஞ்சியதில் பாதிதான் போகும், கால் பங்கு இன்னும் இருக்கும்.

வாழ்க்கை என்ற பொருளில் சிக்கல் இணைச்சொல்லால் வருவதைவிட முன்னால் நிற்கும் சிறு சொல்லால் வருவதே அதிகம். பொதுவாக 'வாழ்க்கை கடினமானது' என்னும்போது 'லைஃப்' தனியாக நிற்கும், 'த' சேர்க்கக் கூடாது. ஒருவர் அமைதியான வாழ்க்கை வாழ்ந்தார் என்றால் 'எ' வேண்டும். இந்த ஒற்றை எழுத்து என்ன செய்யும் என்று பாருங்கள். நீதிமன்றச் செய்தியில் 'ஹி காட் லைஃப்' என்று வந்தால் அவர் ஆயுள் தண்டனை பெற்றார் என்று பொருள். 'உயிர் பெற்றார்' என்று மொழிபெயர்த்தால் குற்றவாளியை மகான் ஆக்கிவிடுவீர்கள். 'கெட் எ லைஃப்' என்றாலோ 'உருப்படியாக ஏதாவது வேலையைப் பார்' என்ற ஏச்சு. பெரியவர்களிடம் சொல்லிவிட வேண்டாம்.

தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் நம் வழக்கில் தேடுவது நல்லது. 'ஃபார் டியர் லைஃப்' ஓடினான் என்றால் 'உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான்'. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம். 'நாட் ஆன் யுவர் லைஃப்' என்பதில் உயிரும் இல்லை, வாழ்வும் இல்லை. 'ஒருக்காலும் நடக்காது', அவ்வளவுதான்.

உங்கள் பட்டியலில் மிஞ்சிய 'வைட்டாலிட்டி' உயிர்ப்பு, துடிப்பு என்ற பொருளுக்கு உரியது. குழந்தையிடமோ நடனத்திலோ உள்ள துள்ளலைச் சொல்ல அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். உயிர், வாழ்வு என்று பொருள்படும் 'வீட்டா' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது அது. 1912இல் உயிர்வேதியியலாளர் காசிமிர் ஃபங்க் உருவாக்கிய 'வைட்டமின்' என்ற பெயரிலும் அதே 'வீட்டா'தான் இருக்கிறது.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்து இதில்தான் இடறுவீர்கள். 'அலைவ்' என்ற சொல்லைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைக்க முடியாது. மீன் 'அலைவ்' ஆக இருக்கலாம். உயிருள்ள மீன் என்று அடைமொழியாக்கினால் 'லைவ் ஃபிஷ்' என்றாக வேண்டும். பழைய ஆங்கிலத்தில் 'உயிரில்' என்று பொருள்படும் இரண்டு சொற்கள் ஒட்டிப் பிறந்தது 'அலைவ்'. அந்த ஒட்டு மறந்துபோனாலும் அதன் இலக்கணம் மாறவில்லை. தூக்கத்தைக் குறிக்கும் 'அஸ்லீப்' என்பதும் இப்படித்தான்.

உச்சரிப்பையும் பார்த்துவிடுங்கள். 'வாழ்கிறாள்' என்ற வினை 'லிவ்ஸ்'. உயிர்கள் என்ற பன்மை 'லைவ்ஸ்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. வாக்கியத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஓவியம் பற்றிய கட்டுரை கைக்கு வந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. பழம், குவளை, பூச்சாடி போன்ற அசையாப் பொருள்களை வரையும் 'ஸ்டில் லைஃப்' ஓவியங்களுக்குப் பன்மை 'லைவ்ஸ்' ஆகாது, 'ஸ்டில் லைஃப்ஸ்' என்றே வரும். ஆங்கிலம் நன்கு கற்றவர்களும் இங்கே 'வி' எழுத்தைப் போட்டுவிடுவதுண்டு.